நாம் கேட்டு வாங்கிய பூட்டு: ஜவுளித் தொழில் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்கு என் முகம் தெரியும், பேர் தெரியாது. திருப்பூர் பி.என். ரோட்டுக்கு உள்ளே இருபத்திரண்டு மெஷின் போட்டு ஜாப் ஒர்க், அதாவது எக்ஸ்போர்ட்டர்களுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற வேலை, செய்கிறவன். சங்கக் கூட்டத்தில் பின்னால் உட்கார்ந்து, டீ வந்ததும் எழுந்து போகிறவர்களில் ஒருவன். பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து 1992-ல் கைமடி வேலைக்குத் திருப்பூர் வந்தேன். அப்புறம் ஓவர்லாக், அப்புறம் கட்டிங், அப்புறம் கடன் வாங்கிச் சொந்த யூனிட். அப்பா இன்னும் ஊரில் பருத்தி போடுகிறார். எழுபத்தைந்து வயதாகிறது. விடச் சொன்னால் கேட்பதில்லை.

இந்த மடல் அவர் கேட்ட ஒரு கேள்வியால் எழுதுவது.

2022 மே மாதம் உங்களுக்கு மறந்திருக்காது. பருத்தி கண்டி (சுமார் 356 கிலோ) ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. முப்பதாம் நம்பர் நூல் கிலோ நானூறு ரூபாயைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி நூற்பு மில்காரர்கள் விலை சொல்வதற்காக நாம் ஜாதகக்காரன் முன்னால் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தோம். பழைய விலைக்கு ஆர்டர் எடுத்தவன் எல்லாம் மாட்டிக்கொண்டான். 16, 17 தேதிகளில் இரண்டு நாள் கடையடைப்பு, உற்பத்தி நிறுத்தம். அதற்கு முன்னால் நடந்த ஒரு கூட்டத்தில் தீர்மானம் வாசித்தார்கள். பருத்தி ஏற்றுமதியை மத்திய அரசு உடனே தடை செய்ய வேண்டும், நூல் ஏற்றுமதியையும் நிறுத்த வேண்டும். எல்லோரும் கை தூக்கினோம். நானும் தூக்கினேன்.

செய்தி எப்படியோ ஊருக்குப் போய்விட்டது. அன்று ராத்திரி அப்பா போன் போட்டார்.

"ஏம்ப்பா, நீங்கள்லாம் சேர்ந்து பருத்தியை வெளிநாட்டுக்கு விடக்கூடாதுன்னு சொல்றீங்களாமே, நெசமா?"

ஆமாம் என்றேன். நூல் விலையைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"சரிப்பா. இருவது வருசமா விலை இல்லாமக் கெடந்துச்சே, அப்ப யாராச்சும் கூட்டம் போட்டு, வெளிநாட்டுப் பருத்தியை உள்ள விடாதன்னு சொன்னீங்களா?"

அந்த வருஷம்தான் அவர் கையில் முதன்முறையாகக் குவிண்டால் பத்தாயிரத்துக்கு மேல் விற்றது. அரசு நிர்ணயித்த ஆதார விலை நடுத்தர இழைக்கு 5,726 ரூபாய், நீண்ட இழைக்கு 6,025. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து ஏலச்சீட்டை மடித்து மணிபர்சில் வைத்திருந்தார். வீட்டில் இன்னும் எட்டு மூட்டை இருந்தது. அதன் விலையை இறக்கச் சொல்லித்தான் மகன் கை தூக்கியிருக்கிறேன்.

பதில் சொல்லாமல் சமாளித்தேன். மூன்று வருஷம் கழித்து பதில் தானாக வந்தது.

2025 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 25 சதவீத வரி போட்டது. 27-ம் தேதி ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி இன்னும் 25. ஆக ஐம்பது. நம் ஊர் ஏற்றுமதி அப்போது வருஷத்துக்கு ஏறத்தாழ 40,000 கோடி, அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. எண்ணெயில் எனக்கு என்ன பங்கு? நான் ரஷ்யாவை வரைபடத்தில் பார்த்ததோடு சரி. ஆனால் எனக்கு வேலை தருகிற எக்ஸ்போர்ட்டர் தைத்த சரக்கைக் கொடவுனில் அடுக்கிவிட்டு, பையர் கேட்கிற தள்ளுபடியைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகி, வாரம் நாலு நாளாகியது. அப்போது உங்கள் அறிக்கைகளைப் பேப்பரில் படித்தேன். அநியாயம், வணிகத்தை அரசியல் ஆயுதமாக்குவது தவறு, வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் நடுவில் அரசு இப்படிப் புகுந்தால் யாருக்கும் நிம்மதி இல்லை. ஒவ்வொரு சொல்லும் சரி. ஆனால் இதைத்தானே அப்பா 2022-ல் என்னிடம் சொன்னார்? அவர் சரக்குக்கும் வாங்க ஆள் இருந்தது. நடுவில் ஒரு பூட்டைத் தொங்கவிடச் சொன்னவர்கள் நாம்.

அந்த வரி பிற்பாடு ஏறட்டும், இறங்கட்டும். நான் சொல்ல வந்தது அதைப் பற்றியதல்ல, நம் தீர்மானங்களைப் பற்றியது.

பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். 2010 ஏப்ரலில் பருத்தி ஏற்றுமதியை நிறுத்தினார்கள். மில்களுக்குச் சந்தோஷம். அதே வருஷக் கடைசியில் நூல் ஏற்றுமதிக்கும் 72 கோடி கிலோ என்று உச்சவரம்பு வைத்தார்கள். இப்போது சந்தோஷம் நமக்கு, மில்களுக்கு ஆத்திரம். அடுத்த சில மாதங்களில் நூல் விலை சரிந்து, மில்களில் ஸ்டாக் தேங்கி, உற்பத்தியை நிறுத்துகிறோம் என்று அவர்கள் அறிவிக்கிற நிலை வந்தது. நூல் கொடுக்கிறவன் படுத்தால் நமக்கு என்ன லாபம் என்று யாராவது கேட்டோமா? 2012 மார்ச் 5 அன்று மறுபடியும் பருத்தி ஏற்றுமதிக்குத் தடை. இந்த முறை விவசாயிகள் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. என்னைக் கேட்காமல் போட்டுவிட்டார்கள் என்று அன்றைய வேளாண் அமைச்சர் சரத் பவாரே வெளிப்படையாகச் சொன்னார். ஒரே வாரத்தில் பின்வாங்கினார்கள். அந்த ஒரு வாரத்தில் துறைமுகத்துக்குப் போகிற வழியில் நின்ற சரக்குக்கும், மீறப்பட்ட ஒப்பந்தத்துக்கும், இனி இந்தியாவிலிருந்து வாங்கலாமா என்று யோசித்த வெளிநாட்டுக்காரனுக்கும் யார் கணக்கு வைத்தார்கள்?

இந்த வழியில் போனால் முடிவு எங்கே என்று ஒரு நாள் செக்கிங் டேபிளில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். மில்லுக்குப் பருத்தி மலிவாக வேண்டும், அதனால் விவசாயியைத் தடு. நமக்கு நூல் மலிவாக வேண்டும், அதனால் மில்லைத் தடு. அப்படியானால் நம் டெய்லர் ஒருவர் எழுந்து, எனக்கு உள்ளூரில் பனியன் மலிவாக வேண்டும், பனியன் ஏற்றுமதியைத் தடை செய்யுங்கள் என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? அவர் வாதத்தில் நம் வாதத்தைவிட ஓட்டை அதிகம் இல்லை.

2022-ல் அரசு நம் பேச்சைக் கேட்டுத் தடை போடவில்லை. அது நம் அதிர்ஷ்டம். ஏப்ரல் 14 முதல் பருத்தி இறக்குமதி வரியை மட்டும் தற்காலிகமாக எடுத்தார்கள். விலை நன்றாக இருக்கிறது என்று பார்த்த விவசாயிகள் அடுத்த பருவத்தில் கூடுதல் நிலத்தில் பருத்தி போட்டார்கள். உலகச் சந்தையும் படுத்தது. வருஷம் முடிவதற்குள் கண்டி அறுபதாயிரங்களுக்கு வந்துவிட்டது. உயர்ந்த விலை என்பது நாட்டிலுள்ள ஒவ்வொரு கரிசல் காட்டுக்கும் போன ஒரு தந்தி மாதிரி. "பருத்தி வேண்டும், போடு" என்கிற தந்தி. தடை கேட்டபோது நாம் தந்திக் கம்பியை அறுக்கச் சொன்னோம்.

இதைச் சொன்னால், "நீ என்னப்பா, தாராளமயக்காரனா?" என்கிறார் என் பக்கத்து யூனிட் நண்பர். நம்மூரில் அது ஒரு வசைச்சொல்லாகிவிட்டது. 1991-ல் கேட்ட சொல், அதற்குப் பின்னால் நடந்த நல்லதும் கெட்டதும் அதன் தலையில். ஆனால் அந்தச் சொல்லுக்குள்ளே இருக்கிற பழைய தாராளவாதம் வேறு. யார் யாரிடம் வாங்கலாம், விற்கலாம் என்று அரசு சொல்லக்கூடாது. ஒருவனுக்கு ஒரு சட்டம், இன்னொருவனுக்கு வேறு சட்டம் இருக்கக்கூடாது. ஒருவன் உழைப்பில் வந்த பொருளை இன்னொருவன் சலுகைக்காகப் பிடுங்கக்கூடாது. இவ்வளவுதான். இதில் நம் அப்பன், தாத்தன் மறுக்கிற மாதிரி என்ன இருக்கிறது? சுங்கத்தை நீக்கியதற்காக ஒரு ராஜாவுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பட்டம் கொடுத்து, தொள்ளாயிரம் வருஷம் கழித்தும் முதலாம் குலோத்துங்கனை அந்தப் பேரால் நினைவில் வைத்திருக்கிற ஊர் இது. (எந்தச் சுங்கத்தை, எவ்வளவு தூரம் நீக்கினான் என்று ஆராய்ச்சிக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பட்டம் நின்றுவிட்டது.)

உங்களுக்குச் சொல்ல எனக்குப் பிடித்த ஆள் ரிச்சர்ட் காப்டன். நம் ஜாதிதான், அதாவது துணிக்காரர். இங்கிலாந்தில் 1804-ல் பிறந்து, மான்செஸ்டரில் துணியில் அச்சடிக்கிற தொழில் செய்தவர். அந்தக் காலத்து மான்செஸ்டர் இன்றைய திருப்பூர் மாதிரி. நூல், நெசவு, சாயம், புகை, வட்டிக்கடன் எல்லாம் உண்டு. மான்செஸ்டர்காரர்களும் நம்மைப் போலவே புத்திசாலிகள். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நூலை வெளிநாட்டுக்கு விடக்கூடாது என்று அங்கும் கூச்சல் எழுந்தது. மெஷின் ஏற்றுமதிக்கோ 1843 வரை சட்டத்திலேயே தடை இருந்தது. இந்த இருநூறு வருஷத்தில் மாறியது மெஷின்தான், மனு அப்படியே இருக்கிறது.

அங்கே 1815-ல் கொண்டுவந்த தானியச் சட்டம் ஒன்று. உள்ளூர்க் கோதுமை குவார்ட்டர் (அந்தக் காலத்துத் தானிய அளவு) ஒன்றுக்கு 80 ஷில்லிங் ஏறும்வரை வெளிநாட்டுக் கோதுமை சந்தைக்கு வரக்கூடாது. நிலப்பிரபுக்களுக்கு வாடகை, தொழிலாளிக்கு விலை கூடிய ரொட்டி. இதை ஒழிக்க 1838-ல் மான்செஸ்டரில் சங்கம் தொடங்கினார்கள். காப்டன் அதில் முன்னால் நின்றார். நிலப்பிரபுக்கள் கேட்டார்கள்: உங்கள் துணிக்கு மட்டும் பாதுகாப்பு வரி வேண்டும், எங்கள் கோதுமைக்கு வேண்டாமா? சரியான கேள்வி. அப்பா கேட்டது மாதிரி. அதற்கு மான்செஸ்டர் வணிகர் சபை கொடுத்த பதில்தான் என்னை உட்காரவைத்துப் படிக்கவைத்தது. 1838 டிசம்பரில் காப்டனின் முயற்சியால் அவர்கள் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மனு, கோதுமைக்கு இருக்கிற தடையை மட்டும் எடுக்கச் சொல்லவில்லை. வேளாண்மை, தொழில் இரண்டுக்கும் எல்லாத் தடையையும் எடுங்கள் என்றது. முதலில் தன் சொந்தப் பாதுகாப்பைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு அப்புறம் அடுத்தவனிடம் கேட்டார்கள். 1846-ல் அயர்லாந்துப் பஞ்சத்தின் நடுவில் பிரதமர் ராபர்ட் பீல் தன் கட்சியையே உடைத்துக்கொண்டு அந்தச் சட்டத்தை நீக்கினார். பதவியும் போயிற்று.

இந்த இடத்தில் நீங்கள் குறுக்கிடுவீர்கள். எனக்குத் தெரியும். "அந்த மான்செஸ்டர்தானே நம் நெசவாளிகளைக் கொன்றது?" ஆமாம். அதை மறைத்துவிட்டுத் தடையற்ற வணிகத்தைப் பற்றி எழுதுகிற ஆளை நம்பாதீர்கள். ஆனால் முழுக் கதையையும் பார்ப்போம். சோழமண்டலக் கரையிலிருந்து போன சீட்டித் துணி லண்டனில் சக்கைப்போடு போட்டபோது, அவர்கள் திறந்த சந்தை என்றா பேசினார்கள்? 1700-ல் சட்டம் போட்டு அச்சிட்ட பருத்தித் துணி இறக்குமதியைத் தடுத்தார்கள். 1719-ல் லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதி நெசவாளர்கள் பெண்கள் உடுத்தியிருந்த சீட்டியை நடுத்தெருவில் கிழித்தார்கள். 1721-ல் உடுத்துவதற்கே தடை வந்தது. அப்புறம் ஆட்சி அவர்கள் கைக்கு வந்தபின் என்ன செய்தார்கள்? இந்தியாவில் லங்காஷயர் (மான்செஸ்டர் இருக்கிற வட்டாரம்) துணிக்கு இறக்குமதி வரி விதிக்க வேண்டி வந்தபோது, சமமாக இருக்கட்டும் என்று 1896 முதல் இந்திய மில் துணிக்கும் மூன்றரை சதவீத எக்சைஸ், அதாவது உற்பத்தி வரி, போட்டார்கள். தன் நாட்டு மில்லுக்குத் தானே வரி போட்ட அரசு உலகத்தில் எத்தனை இருக்கும்! அது நீங்க 1926 ஆயிற்று. இதற்குத் 'தடையற்ற வணிகம்' என்று அவர்கள் பேர் வைத்திருக்கலாம். லங்காஷயருக்கு ஒரு சட்டம், பம்பாய்க்கும் கோயம்புத்தூருக்கும் வேறு சட்டம் என்பது தாராளவாதம் ஒழிக்க வந்த விஷயம்.

காப்டனே இதைச் சொந்த நாட்டில் சொல்லி அடி வாங்கியவர். 1856-ல் பிரிட்டிஷ் கப்பல்கள் சீனாவின் கான்டன் நகரத்தைக் குண்டு வீசித் தாக்கின. சீனச் சந்தையைத் திறக்கிறோம் என்று பலர் குதித்தார்கள். 1857-ல் காப்டன் நாடாளுமன்றத்தில் கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார். 263-க்கு 247 என்று ஜெயித்தும் விட்டார். பிரதமர் பாமர்ஸ்டன் சபையைக் கலைத்துத் தேர்தலுக்குப் போனார். காப்டனும் அவர் நண்பர் ஜான் பிரைட்டும் தோற்றார்கள். பிரைட்டைத் தோற்கடித்தது மான்செஸ்டர்தான். துப்பாக்கி முனையில் திறக்கிற சந்தை வேண்டாம் என்று சொன்னதற்கு, சந்தையால் வாழ்ந்த ஊரே கொடுத்த கூலி. சங்கத் தலைவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். உறுப்பினர்கள் கை தூக்குகிற திசையில் மட்டும் போவதற்குத் தலைவர் எதற்கு?

1859-ல் அதே காப்டன் பிரான்ஸுக்குப் போனார். பிரெஞ்சுக்காரன் படையெடுக்கப் போகிறான் என்று இங்கிலாந்தில் பீதி பரவி, கரையெல்லாம் கோட்டை கட்டத் திட்டம் போட்டுக்கொண்டிருந்த நேரம். அவரும் பிரெஞ்சுப் பொருளாதாரக்காரர் மிஷெல் ஷெவாலியேவும் பேசி, 1860 ஜனவரி 23-ல் வணிக ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பிரெஞ்சு ஒயினுக்கு இங்கிலாந்தில் வரி குறைப்பு, ஆங்கிலத் துணிக்கும் இரும்புக்கும் பிரான்ஸில் தடை நீக்கம். பிறகு அந்தச் சண்டை வரவே இல்லை. ஒப்பந்தத்தால்தான் வரவில்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். 1914-ல் ஜெர்மனியும் பிரிட்டனும் ஒன்றுக்கொன்று பெரிய வாடிக்கையாளர்களாக இருந்தும் அடித்துக்கொண்டன. வியாபாரம் இருந்தால் போர் வராது என்று எழுதிக் கொடுக்க யாராலும் முடியாது. இவ்வளவு சொல்லலாம்: வாடிக்கையாளனைச் சுடுவதற்கு முன்னால் கணக்குப் பார்க்க ஒரு ஆள் இருப்பான். வாடிக்கையாளனே இல்லாவிட்டால் அந்த ஆளும் இல்லை.

இதற்கு நம் பருத்தியிலேயே ஒரு கதை உண்டு. 2019 பிப்ரவரியில் புல்வாமா தாக்குதலுக்குப் பின் இந்தியா பாகிஸ்தான் சரக்குக்கு 200 சதவீத வரி போட்டது. அந்த ஆகஸ்டில் பாகிஸ்தான் வணிகத்தையே நிறுத்தியது. இரண்டு பக்கமும் கோபத்துக்குக் காரணம் இருந்தது, அதற்குள் நான் போகவில்லை. 2021-ல் அங்கே பருத்தி விளைச்சல் படுத்துவிட்டது. ஃபைசலாபாத், கராச்சி துணிக்காரர்களுக்குப் பஞ்சு இல்லை. வாகா வழியாக லாரியில் வந்துவிடுகிற தூரத்தில் நம் பருத்தி. மார்ச் 31 அன்று அவர்கள் நிதியமைச்சர் ஹம்மாத் அசார் இந்தியாவிலிருந்து சர்க்கரையும் பருத்தியும் நூலும் வாங்க அனுமதி என்று அறிவித்தார். மறுநாள், ஏப்ரல் ஒன்றாம் தேதி, அமைச்சரவை அதைத் தள்ளிவிட்டது. முட்டாள்கள் தினம் என்பது தற்செயல். அந்த ஒரு நாள் ஃபைசலாபாத்தில் என்னைப் போல இருபது மெஷின் வைத்திருக்கிற ஒருவன் நிம்மதியாகத் தூங்கியிருப்பான் என்று நினைத்துக்கொள்கிறேன். அவனுக்குப் பஞ்சாப், ஹரியானா விவசாயியின் மேல் எந்தக் கோபமும் இருந்திருக்க முடியாது. அவர்கள் விலையில் மட்டும்தான் கோபம் இருந்திருக்கும், அது நல்ல கோபம், பேசித் தீர்க்கக்கூடியது. 2025 மே மாதம் இரண்டு நாடுகளும் ஏவுகணை வீசிக்கொண்டபோது, சண்டை வேண்டாம் என்று சொல்வதற்கு லாபநஷ்டக் காரணம் உள்ளவர்கள் எல்லைக்கு இரண்டு பக்கமும் அநேகமாக மிச்சமில்லை.

வீட்டுக்குள்ளேயும் இதே கதைதான். மில்காரரும் நாமும் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் நடுவில் ஒரே ரோட்டில் இருக்கிறோம். கல்யாணத்தில் ஒரே பந்தியில் சாப்பிடுகிறோம். ஆனால் ஒவ்வொரு முறை விலை ஏறும்போதும் டெல்லிக்கு ஓடி, இவர் கையைக் கட்டுங்கள் என்று அவரும் அவர் கையைக் கட்டுங்கள் என்று நாமும் மனுக் கொடுக்கிறோம். விலையில் பேசித் தீர வேண்டிய விஷயம் செல்வாக்கில் தீரும்போது பகைதான் வளரும்.

ராஜாஜி இதற்கு 'பெர்மிட்-லைசென்ஸ் ராஜ்யம்' என்று பேர் வைத்து 1959-ல் சுதந்திராக் கட்சியையே தொடங்கினார். அவரைப் பற்றி வேறு எத்தனையோ விஷயத்தில் எனக்குச் சண்டை உண்டு, குலக்கல்வி உட்பட. ஆனால் 1952 ஜூனில் சென்னை மாநில முதல்வராக அவர் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தபோது, அரிசி காணாமல் போகும், ஊர் பட்டினி கிடக்கும் என்று பலர் பயந்தார்கள். எடுத்தார், ஊர் பட்டினி கிடக்கவில்லை. பிறகு அறுபதுகளில் கட்டுப்பாடு திரும்பி வந்த காலத்தை அப்பா பார்த்திருக்கிறார். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர் வீட்டிலிருந்து இரண்டு மரக்கால் அரிசியைத் துணி மூட்டைக்குள் வைத்து பஸ்ஸில் கொண்டுவருவார்களாம். செக்போஸ்ட்டில் போலீஸ் ஏறினால் பாட்டி மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு தூங்குகிற மாதிரி நடிப்பாராம். சொந்த மாநிலத்துக்குள், அடுத்த மாவட்டத்து அரிசிக்குக் கள்ளக்கடத்தல். நாம் சிரிக்கிறோம். பருத்தித் தடை கேட்கும்போது அதே செக்போஸ்ட்டைத் துறைமுகத்துக்குத் தள்ளி வைக்கிறோம், அவ்வளவுதான்.

நாமே கோட்டாவில் பட்டது போதாதா? 1974-லிருந்து 2004 கடைசி வரை இந்த நாடு இத்தனை பீஸ்தான் அனுப்பலாம் என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் கணக்கு வைத்திருந்தன. தைக்கத் தெரிந்தவனைவிடக் கோட்டா கையில் வைத்திருந்தவனுக்குத்தான் மரியாதை. ஒரு தையல்கூடப் போடாமல் கோட்டாவைக் கைமாற்றிக் காசு பார்த்தவர்களை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். 1980-களின் நடுவில் பத்துக் கோடி ரூபாய் அளவில் இருந்த நம் ஊர் ஏற்றுமதி இன்றைக்கு எங்கே நிற்கிறது என்றால், வேலைக்கு வந்த பையன்களும் பெண்களும் ஒரு காரணம், 2005 ஜனவரி 1-ம் தேதி அந்தக் கோட்டா ஒழிந்தது இன்னொரு காரணம். பங்களாதேஷும் வியட்நாமும் நம்மைத் தாண்டிப் போனதும் உண்மை. அதற்காகக் கோட்டா திரும்ப வரட்டும் என்று யாரும் கேட்கவில்லையே.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அப்பாவை ஒத்த இன்னொரு கூட்டம் என்னை மன்னிக்காது. சுதந்திரம் என்ற பேரில் நாம் செய்த பாவமும் உண்டு. நொய்யலைச் சாயமாக்கினோம். அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது நம் லாபத்தின் கழிவு. கீழே இருந்த தென்னையும் கிணறும் செத்தன. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது தொழிலில் கை வைக்கிறார்கள் என்று குமுறினோம். அடுத்தவன் கிணற்றில் சாயம் விடுவதற்கு எந்தத் தாராளவாதமும் அனுமதி கொடுக்கவில்லை. அவன் சொத்தைக் காப்பதுதான் அதன் முதல் வேலை. அங்கே அரசு தலையிட்டது சரி. பருத்தி விலையில் தலையிடச் சொன்னது தவறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல்தான் 'அரசே தலையிடு', 'அரசே தலையிடாதே' என்று வசதிப்படி மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இனி பருத்தி இறக்குமதி வரி. 2021 பட்ஜெட்டில் வந்த அந்த 11 சதவீதம், 2022-ல் சில மாதம் போய், திரும்ப வந்து, 2025 ஆகஸ்ட் 19 முதல் டிசம்பர் 31 வரை மறுபடி போனது. அதை நிரந்தரமாக நீக்கச் சொல்லி நீங்கள் கேட்கிறீர்கள். நானும் கூடவே கேட்பேன், ஒரு நிபந்தனையோடு. இதை அப்பாவிடம் சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை. அமெரிக்கக்காரன் அவன் விவசாயிக்கு மானியம் கொடுத்து மலிவாக அனுப்புவான், நான் எப்படிப் போட்டி போடுவேன் என்றார். நியாயம்தான். பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி என்ற நான்கு ஏழை ஆப்பிரிக்க நாடுகள் 2003-ல் உலக வர்த்தக அமைப்பில் அழுததும் இதற்குத்தான். அவருக்கு உதவி வேண்டுமென்றால் அரசு அவர் கணக்கில் நேராகப் போடட்டும், நல்ல விதையைத் தடுக்காமல் விடட்டும். ஹெக்டேருக்கு 450 கிலோ பஞ்சு அளவில் தேங்கிக் கிடக்கிற நாட்டில் விதைதான் பெரிய பிரச்சினை. ஆனால் அவர் கடைசியாகச் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை: "உள்ள வர்ற கதவத் தொறந்துவிடு, பரவாயில்ல. வெளிய போற கதவையும் தொறந்தே வையி. ஒண்ணத் தொறந்து ஒண்ணப் பூட்டுனா அது கதவு இல்லப்பா, எலிப்பொறி."

என் கோரிக்கை அந்த எலிப்பொறியைப் பற்றியதுதான். வருகிற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போடுங்கள். பருத்தி, நூல், துணி எதற்கும் இனி ஏற்றுமதித் தடையோ உச்சவரம்போ இந்தச் சங்கம் கேட்காது, வேறு யார் கேட்டாலும் ஆதரிக்காது. இறக்குமதி வரியை நீக்கச் சொல்லும் மனுவிலேயே முதல் பத்தியாக இதை எழுதுங்கள். வாஷிங்டனுக்கு எழுதுகிற கடிதத்திலும் இதைச் சேர்க்கலாம். எங்கள் விவசாயியிடம் நாங்கள் கேட்காததை நீங்களும் எங்களிடம் கேட்காதீர்கள் என்று அப்போது தைரியமாக எழுதலாம்.

நூல் விலை மறுபடி ஏறும். ஏறினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவு: பருத்தி வாங்குகிற மாதிரி முன்பேர ஒப்பந்தத்தில் நூலையும் மூன்று மாதத்துக்குச் சேர்ந்து வாங்கப் பழகலாம், விலை ஏற்றத்தைப் பையரோடு பங்கு போடுகிற நிபந்தனையை ஆர்டரிலேயே எழுதலாம், பாலியெஸ்டர் கலந்த சரக்குக்குக் கொஞ்சம் மாறலாம். சின்ன யூனிட்டுகளுக்கு இது கஷ்டம். அதற்குத்தான் சங்கம் வேண்டும்.

தீர்மானத்தின் நகலைத் தட்டச்சு செய்து, இரண்டு பிரதி சங்க அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். 2022-ல் எந்தக் கையைத் தூக்கினேனோ அதே கையால் முன்மொழியத் தயார். வழிமொழிய ஒருவர் வேண்டும். பருத்திக் காட்டிலிருந்து வந்தவர்கள் நம் சங்கத்தில் என்னைத் தவிரவும் பலர் இருக்கிறீர்கள்.

இப்படிக்கு,
இருபத்திரண்டு மெஷின் ஜாப் ஒர்க் யூனிட்காரன்,
திருப்பூர்.